எந்த நாட்டு டவர் நல்ல டவர்?

நான் ஓய்வு பெற்ற பிறகும் புதிதாக வேலையில் சேர்ந்த பிள்ளைகள் என்னைத் தேடி வருகிறார்கள். பீர்க்கன்கரணையில் ஏரிக்குப் பின்னால் இருக்கும் என் வீட்டைக் கண்டுபிடித்து, காபி குடித்து, முறுக்கைக் கடித்து, கடைசியில் எல்லாரும் கேட்பது ஒன்றைத்தான். "மேடம், எந்த நாட்டுக்குப் போனா நல்லது?" விமான நிலையக் கட்டுப்பாட்டு டவரில் தனியாக உட்காரும் அனுமதிகூட அவர்களுக்கு இன்னும் வந்திருக்காது. ஆனால் எங்கே வரி கிடையாது, எங்கே குடியுரிமை சீக்கிரம் கிடைக்கும், எங்கே நல்ல இட்லி மாவு கிடைக்கும் என்பதெல்லாம் அத்துப்படி. விமானத்தைப் பற்றி மட்டும் யாரும் சந்தேகம் கேட்பதில்லை.

நான் கேலி செய்ய உரிமை இல்லாதவள், பிள்ளைகளே. இதே கேள்வியை நானும் கேட்டேன், உங்களைவிட மூத்த வயதில். அப்போது என்ன நடந்தது என்று சொல்கிறேன். நாட்டை நீங்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள்.

என் வேலை விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு: எந்த விமானம் எப்போது இறங்கலாம், ஏறலாம் என்று டவரிலிருந்து சொல்வது. இந்தச் சொல்லை முழுதாகச் சொன்னால் என் கணவர் ஜெயசீலனே ஒரு நொடி யோசிப்பார். அவர் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். எங்கள் தெருவில் எனக்கு 'ஏர்போர்ட்டக்கா' என்று பெயர். பக்கத்து வீட்டில் என்னை விமானப் பணிப்பெண்களின் மேலதிகாரி என்று நினைத்தார்கள். எதிர் வீட்டில், மஞ்சள் சட்டை போட்டு இரண்டு குச்சியை ஆட்டி விமானத்தை நிறுத்துகிறவள் என்று நினைத்தார்கள். எங்கள் சபைப் போதகர் ஒவ்வொரு புத்தாண்டு ஆராதனையிலும் 'நம் பைலட் சகோதரி ரெஜினாவுக்காக' ஜெபிப்பார். நான் திருத்தியதில்லை. யார் பேரில் ஜெபித்தாலும் விமானத்துக்கு நல்லதுதானே.

என் எதிர்காலத்தைப் பற்றி என்னைவிட அதிகம் கவலைப்பட்டவர் சாமுவேல் அண்ணா. என் நாத்தனாரின் கணவர். ஊரப்பாக்கத்தில் வீடு, ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் வேலை. அதுவரை அவர் விமானத்தில் ஏறியதே இல்லை. ஆனால் உலகத்தில் எந்த ஊர் வாழத் தகுந்தது என்று தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு தன்னிடம் இருப்பதாக நம்பினார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தால், பிரியாணிக்கு நடுவில் என்னை ஏதாவது ஒரு நாட்டுக்கு அனுப்பிவிட்டுத்தான் கை கழுவுவார்.

"ரெஜினா, உன் வேலைக்கு வெளிய என்ன டிமாண்ட் தெரியுமா? வளைகுடா பக்கம் போனா ஏசி வீடு, ஏசி காரு, பஸ் ஸ்டாப்புக்குக்கூட ஏசி. நீ இங்க பெருங்களத்தூர் சிக்னல்ல வேர்த்துக்கிட்டு நிக்கிற."

"நான் ஆபீஸ் வண்டியில போறேண்ணா."

"அதுவும் அதே சிக்னல்லதானே நிக்குது?"



அவர்தான் ஒரு விடுமுறை நாளில் எங்களைப் படப்பைக்கு அழைத்துப் போனார். என்னோடு வேலை பார்த்துவிட்டு வளைகுடா நாடு ஒன்றுக்குப் போன நண்பர் அங்கே வீடு கட்டியிருந்தார். இரண்டு மாடி வீட்டுக்கு லிஃப்ட். குளியலறையில் எதைத் திருகினால் எங்கிருந்து தண்ணீர் வரும் என்று அவருக்கே தெரியவில்லை. எங்களுக்குத் திறந்து காட்டப்போய் தானே நனைந்துவிட்டார். சாமுவேல் அண்ணா ஒவ்வொரு அறையிலும் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார். 'பார்த்தாயா?' என்று அர்த்தம்.

கூடத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது நண்பருக்கு அங்கிருந்து மேலதிகாரி போன் செய்தார். நண்பர் சோபாவிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். சொந்த வீட்டில், லுங்கி கட்டிக்கொண்டு, விடுமுறையில் இருக்கும் மனிதர். "யெஸ் சார், யெஸ் சார்" என்றபடி நின்றவர், போனை வைத்த பிறகும் கொஞ்ச நேரம் உட்காரவில்லை. "என்ன விஷயம்?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல. லீவு எப்படிப் போகுதுன்னு கேட்டார்" என்றார். வண்டியில் திரும்பும்போது சாமுவேல் அண்ணா லிஃப்டைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். எனக்கு அந்த மனிதர் நின்ற நிலைதான் கண்ணுக்குள் இருந்தது. ஆனாலும் ஆசை யாரை விட்டது? அந்த வாரமே விண்ணப்பம் அனுப்பினேன்.

பதில் வருவதற்குள் இங்கே ஒன்று நடந்தது.

கோடையின் நடு மதியம். டவரில் என் முறை. ஓடுபாதையின் மேல் வெயில் தண்ணீர்போல் நெளியும். அதில் எது நிஜம், எது கானல் என்று தெரியாது. ஒரு விமானம் இறங்க வந்துகொண்டிருந்தது. இறங்கலாம் என்று அனுமதியும் கொடுத்துவிட்டேன். கொடுத்த பிறகு, அது தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று அப்பால், கறுப்பாக ஏதோ கிடந்ததைப் பார்த்தேன். கிடந்ததா, நகர்ந்ததா, அதுவும் நிச்சயமில்லை. பைனாகுலரை எடுத்தேன். அதிலும் ஒரு கறுப்பு நெளிவுதான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். உங்கள் பயிற்சிப் புத்தகத்தில் இந்த நேரத்தை ஒரு வரியில் கடந்துவிடுவார்கள். நிஜத்தில் அந்தச் சில நொடிகளுக்குள் ஒரு ஊர்க்கூட்டமே நடக்கும். நிழலாக இருக்கும் என்று ஒரு குரல். டயர்த் துண்டாக இருந்தால் என்று இன்னொன்று. பின்னால் வரிசையாக விமானங்கள் வருகின்றனவே, இதைக் கிளப்பினால் எல்லாம் குலையுமே என்று ஒன்று. அந்த விமானத்தில் ஒரு முக்கியப் பிரமுகர் வருகிறார் என்று காலையிலிருந்து எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்ததும் ஞாபகம் வந்தது. எல்லாவற்றையும்விட மோசமான குரல் ஒன்று உண்டு. 'ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டால் சிரிப்பார்களே' என்பது. விபத்துக்குப் பயந்ததைவிட நான் அந்தச் சிரிப்புக்குத்தான் அதிகம் பயந்தேன். அப்படிப் பயந்தது புரிந்ததும் எனக்கே கோபம் வந்தது. "கோ அரௌண்ட்" என்றேன். இறங்காதே, மேலே ஏறிச் சுற்றி வா என்று பொருள். விமானி கேள்வி கேட்கவில்லை. இயந்திரம் உறுமி, அவ்வளவு பெரிய உடம்பு தரைக்குப் பக்கத்திலிருந்து மூக்கை நிமிர்த்தி மேலே போயிற்று.

ஓடுபாதையைச் சோதிக்கும் ஜீப்பில் ஏகாம்பரம் போனார். ரேடியோவில் அவர் குரல் வந்தது.

"மேடம், பாலிதீன் மேடம். கறுப்பு பாலிதீன். நல்லா பெருசாத்தான் கீது."

பின்னால் யாரோ சிரித்தார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த விமானத்தை இறக்கினேன், அதற்கடுத்ததை இறக்கினேன். சுற்றி வந்ததையும் இறக்கினேன். ஒவ்வொன்றுக்கும் அனுமதி கொடுக்குமுன் அதே இடத்தைத் திரும்பத் திரும்பப் பைனாகுலரில் பார்த்தேன். முறை முடியும்வரை அப்படியே உட்கார்ந்து வேலை பார்த்தேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் வாசலில் சாமுவேல் அண்ணாவின் செருப்பு. கோயம்புத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனவர், வாழ்க்கையில் முதல்முறையாக விமானத்தில் திரும்பியிருக்கிறார். ஊரப்பாக்கம் போகிற வழியில், அந்த அனுபவத்தைச் சொல்ல எங்கள் வீட்டில் இறங்கிவிட்டார். எந்த விமானம் என்று நான் கேட்கவேண்டிய அவசியமே வரவில்லை.

"தரை தெரியுது மச்சான், புல்லு தெரியுது. திடீர்னு தூக்கிட்டான்! வயிறு தொண்டைக்கு வந்திருச்சு. பக்கத்து சீட்டு அம்மா அழுவறாங்க. எல்லாம் டவர்ல இருக்கறவன் பண்ற வேலை. எவனோ தூங்கிட்டான்!"

ஜெயசீலன் என் முகத்தைப் பார்த்தார். காபி போடுகிற சாக்கில் சமையலறைக்கு என் பின்னால் வந்தார்.

"தூங்கினவன் நீதானா?"

"ஆமா."

அவர் கூடத்துக்குத் திரும்பிப் போய் மெதுவாகக் கேட்டார். "ரன்வேல ஏதாவது கெடந்திருக்கலாம்ல மாமா?"

"என்ன மச்சான் கெடக்கும்? அது என்ன நம்ம தாம்பரம் ஜிஎஸ்டி ரோடா, மாடு படுத்துக்க?"

நான் காபியைச் சாமுவேல் அண்ணா கையில் கொடுத்துவிட்டு நின்றேன். "ரெஜினா, உன் ஆபீஸ்ல சொல்லிவை. இந்த மாதிரி ஆளையெல்லாம் வேலைக்கு வெக்காதீங்கன்னு" என்றார். சரிண்ணா என்றேன்.

பிரமுகர் ஏதோ திறப்பு விழாவுக்குத் தாமதமாகப் போனாராம். புகார் வந்தது. விசாரணைக்கு மூன்று அதிகாரிகள் உட்கார்ந்தார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. மேலேயிருந்து கேட்டால் கீழே கேட்கவேண்டும், அவ்வளவுதான்.

"பொருள் என்னன்னு உறுதி பண்ணிக்காம ஏம்மா மேல அனுப்புனீங்க?"

"உறுதி பண்ற வரைக்கும் இருந்திருந்தா விமானம் அது மேலயே இறங்கியிருக்கும் சார்."

"ஆனா அது வெறும் பாலிதீன்தானே?"

"அப்போ எனக்குத் தெரியாது சார்."

"எப்போ தெரிஞ்சுது?"

"எல்லாரும் சிரிச்சப்போ சார்."

அடுத்து அந்தப் பாலிதீனைச் சமர்ப்பிக்கச் சொன்னார்கள். ஏகாம்பரத்தைக் கூப்பிட்டார்கள். அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"அத்த வூட்ல வண்டி மேல போத்தி வெச்சிருக்கேன் சார். மழைக்கு."

"கோடையில ஏதுய்யா மழை?"

"வரும்ல சார்?"

விசாரணை அத்தோடு முடிந்தது. முடிவு எனக்குச் சாதகமாகவே வந்தது. 'கட்டுப்பாட்டாளர் செய்தது சரி. எனினும் இனிவரும் காலங்களில் கூடுதல் கவனத்துடன் இருக்குமாறு அறிவுறுத்தப்படுகிறார்.' சரியாகச் செய்ததற்காக எச்சரிக்கை வாங்கியவள் எங்கள் பிரிவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன் என்று நினைத்தேன். பிறகு விசாரித்தால் நிறையப் பேர் வாங்கியிருந்தார்கள். அன்றைக்கே மனசு விட்டுப்போயிற்று. எங்காவது போய்விடலாம், ஏசி பஸ் ஸ்டாப்பிலாவது நிற்கலாம் என்று தோன்றியது.

வளைகுடாவிலிருந்து நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. வீடியோவில்தான். மாடி அறையில், மேலே கோட்டும் கீழே வீட்டுப் புடவையுமாக உட்கார்ந்தேன். வெளியே குப்பை வண்டி தன் பாட்டைப் பாடிக்கொண்டு போயிற்று. திரையில் இரண்டு பேர். ஆட்களைத் தேர்வு செய்யும் பிரிவிலிருந்து நன்றாக உடுத்திய ஒரு பெண்மணி. பக்கத்தில் வயதான ஒரு கட்டுப்பாட்டாளர், எந்த ஊர்க்காரரோ, தூக்கம் கெட்ட கண்கள். எல்லாக் கேள்வியும் முடிந்து, "நீங்கள் ஏதாவது கேட்கவேண்டுமா?" என்றார் அந்தப் பெண்மணி. வீட்டைப் பற்றியும் விடுமுறையைப் பற்றியும் கேட்பேன் என்று எதிர்பார்த்திருப்பார். எனக்கே தெரியாமல் வேறொன்று வாயில் வந்தது.

"உங்கள் நாட்டின் மிக முக்கியமான மனிதர் இறங்கும் விமானத்தை நான் சந்தேகத்தின் பேரில் மேலே அனுப்பிவிடுகிறேன். கடைசியில் அது வெறும் பாலிதீன். மறுநாள் காலை எனக்கு என்ன நடக்கும்?"

பெண்மணி புன்னகை மாறாமல், "எங்கள் ஓடுபாதையில் பாலிதீன் வர வாய்ப்பே இல்லை" என்றார். பிறகு ஊழியர்களுக்கான நீச்சல் குளத்தைப் பற்றிச் சொன்னார். அந்த மனிதர் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். நன்றி சொல்லி முடித்தோம். படம் மறைந்துவிட்டது. ஆனால் அவர்கள் பக்கம் மைக்கை அணைக்க மறந்துவிட்டார்கள். நம் தொழிலில் இதைவிட ஆபத்தான மறதி கிடையாது. அந்த மனிதரின் குரல் ஆங்கிலத்தில் தெளிவாகக் கேட்டது.

"நல்ல பெண். இங்கே ஒரு மாதம் தாங்கமாட்டாள், பாவம்."

மறுநாளே வேலைக்கான உத்தரவு வந்தது. அதில் இருந்த சம்பளத்தைப் பார்த்து ஜெயசீலன் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். நான் மைக் விஷயத்தைச் சொன்னேன். அவர் "உனக்கு எது தோணுதோ அது. நான் எங்க வேணா பாடம் நடத்திக்குவேன்" என்றார். இந்தப் பெருந்தன்மை பெரிய தொல்லை. வேண்டாம் என்றோ போ என்றோ சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

சாமுவேல் அண்ணா அதற்குள் சபையில் இனிப்பு கொடுத்துவிட்டார். நான் போகப்போவதில்லை என்று சொன்னதும் நேரே கிளம்பி வந்துவிட்டார்.

"பைத்தியமா உனக்கு? யாருக்குக் கெடைக்கும் இது? என்ன காரணம், அதைச் சொல்லு!"

இனிமேல் மறைக்க முடியாது. "அன்னைக்கு உங்க விமானத்தை மேல தூக்கச் சொன்னது நான்தாண்ணா. ரன்வேல ஒரு பாலிதீன் கெடந்துது. அது பாலிதீன்னு எனக்குத் தெரியல. அங்க போனா அந்த மாதிரி மேல தூக்கச் சொல்ல முடியாதுன்னு தோணுது."

அவர் வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தார். முகத்தில் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். அவர் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார்.

"எனக்கு எவ்ளோ பயமா இருந்துச்சு தெரியுமா, ரெஜினா?"

"எனக்கும்தாண்ணா."

அவரை எனக்குத் தெரிந்த அத்தனை வருடங்களில் நாங்கள் இருவரும் நிஜமாகப் பேசிக்கொண்டது அன்றுதான். அது நீடிக்கவில்லை. அடுத்த ஞாயிறு ஊரப்பாக்கத்தில் அவர் சொன்ன கதையில் பாலிதீன் இரும்புக் கம்பியாகியிருந்தது. அதற்கடுத்த வாரம் அது வெடிகுண்டு.

உலக வரைபடத்தின் தென்கோடியில், குளிர்நாடு ஒன்றின் சின்ன விமான நிலையத்துக்கும் விண்ணப்பித்திருந்தேன். சம்பளம் சுமார்தான். அந்த டவரின் பொறுப்பாளரான பெண் தனியாகவே நேர்காணல் செய்தார். அவருக்குப் பின்னால் ஜன்னலில் புல்வெளியும் ஆடுகளும் தெரிந்தன. அவரிடமும் அதே கேள்வியைக் கேட்டேன்.

"மறுநாள் காலையா? உங்களுக்கு லீவு. தூங்கி எழுந்து வாருங்கள்" என்றார் அவர். "எங்கள் ஓடுபாதையில் வருவது ஆடுகள். நீங்கள் ஏன் பாலிதீன் என்றீர்கள்?"

முழுக்கதையும் சொன்னேன். வண்டி மேல் போர்த்திய இடம் வந்ததும் கண்ணில் நீர் வரச் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு அவர் சட்டென்று நிறுத்திவிட்டுக் கேட்டார். "விமானத்தை மேலே அனுப்பிய பிறகு, உங்களை ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டு உங்கள் நாற்காலியில் யார் உட்கார்ந்தார்கள்?"

"யாருமில்லை. நானேதான்."

"முறை முடியும்வரையா?"

"ஆமாம்."

அவர் ஏதோ எழுதிக்கொண்டார். விசாரணையில் பாலிதீனின் நீள அகலம்வரை கேட்டார்கள். அன்று எனக்கு எப்படி இருந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்கலாம் என்று எனக்கே தோன்றியதில்லை. மடிக்கணினியை மூடிய பிறகு மாடியிலேயே உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன்.

அந்த வேலை கிடைத்தது, அங்கே போனேன் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். கிடைக்கவில்லை. அவர்கள் நாட்டு விதிப்படி எனக்கு வயது கடந்துவிட்டது என்று அந்தப் பெண்மணியே வருத்தத்தோடு எழுதினார். ஆக, கூப்பிட்ட நாட்டுக்கு நான் போகவில்லை. போக விரும்பிய நாடு கூப்பிடவில்லை. ஆபீஸ் வண்டியில் ஏறி மறுபடி பெருங்களத்தூர் சிக்னலில் நின்றேன்.

பின்னர் நான் எங்கள் ஷிஃப்டுக்குப் பொறுப்பாளரானேன். ஒரு மழை நாள் பகலில், என்னோடு சேர்ந்து வேலைக்கு வந்த, என்னைவிடக் கெட்டிக்காரர் என்று பெயர் வாங்கிய இன்னொரு நண்பர், இறங்கவந்த விமானம் ஒன்றை மேலே அனுப்பினார். ஓடுபாதையில் ஏதோ ஓடியது என்றார். போய்ப் பார்த்தால் பாலிதீன்கூட இல்லை, ஒன்றுமே இல்லை. அறையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். நண்பர் எதையோ எழுதப் பேனாவைத் தாளில் வைத்தார். பேனா நகரவில்லை. நான் எழுந்து அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"எழுந்திரிங்க."

"எனக்கு ஒண்ணுமில்ல ரெஜினா. ஐ ஆம் ஓகே."

"தெரியும். போய் டீ சாப்பிட்டுட்டு வாங்க. நான் பாத்துக்கறேன்."

நிலைமையை எனக்கு ஒப்புவித்துவிட்டு, ஹெட்செட்டைக் கழற்றிக் கொடுத்தார். வெளியே போனார். அவர் திரும்பி வரும்வரை விமானங்களை நான் இறக்கினேன். திரும்பி வந்தவர் சற்று நேரம் எனக்குப் பின்னால் நின்றார். "போன் பண்ணி வீட்டுல பேசிட்டு வந்தேன்" என்றார். பிறகு உட்கார்ந்தார்.

அதிலிருந்து எங்கள் ஷிஃப்டில் அது வழக்கமாயிற்று. விமானத்தை மேலே அனுப்பியவர் எழுந்து டீ குடிக்கப் போவார், இன்னொருவர் உட்காருவார், யாரும் செருமமாட்டார்கள். இதற்கு எந்த விதியும் இல்லை. விதி கேட்டு எழுதியிருந்தால் நான் ஓய்வு பெற்ற பிறகுதான் பதில் வந்திருக்கும்.

பொறுப்பாளரே கட்டுப்பாட்டாளர் நாற்காலியில் உட்கார்ந்தது ஏன் என்று ஒருமுறை விளக்கம் கேட்டார்கள். கொடுத்தேன். பிறகு வேறு விதமான சிக்கல் முளைத்தது. மற்ற ஷிஃப்ட்களிலிருந்து எங்கள் ஷிஃப்டுக்கு மாற்றல் கேட்டு ஆட்கள் எழுத ஆரம்பித்தார்கள். நிர்வாகத்துக்கு இது புதிராக இருந்தது. வேலைப்பளு எல்லா ஷிஃப்டிலும் ஒன்றுதான், சம்பளமும் ஒன்றுதான். எங்கள் நேரத்தில் மட்டும் கேன்டீனில் ஏதோ சிறப்பாகக் கிடைக்கிறது என்று சந்தேகம் வந்து, ஒரு அதிகாரி என்னிடம் எழுத்துமூலம் விளக்கம் கேட்டார்.

டீ நன்றாக இருக்கும் என்று பதில் எழுதினேன்.